செல்லம்மாளுக்கு முப்பதுக்கு இருபத்தொன்பது

எங்கள் ஊரில் மறதி நோய் உள்ளவர் ஒரே ஒருவர்தான். பெயர் மாதையன், வயது எழுபது. இதை நான் சொல்லவில்லை, ‘மறவேல்’ திட்டத்தின் காகிதம் சொல்கிறது. அந்தக் காகிதத்தின் அடியில் சாட்சி என்று போட்டு, கோணல்மாணலாக ஒரு கையெழுத்து இருக்கிறதே, அது என்னுடையது. படித்துப் பார்க்காமல் போட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மாதையன் எனக்குப் பக்கத்து வீடு, மாமா முறை. நாலு மாடு, ஒன்றரை ஏக்கர் நிலம், அதில் பாதி ராகி, பாதி சாமந்தி. எந்த மாடு எந்த அமாவாசைக்குப் பிறகு சினை பிடித்தது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். என் கல்யாண நாளை வருஷா வருஷம் எனக்கு ஞாபகப்படுத்துகிறவரே அவர்தான். இல்லாவிட்டால் என் குடும்பம் என்றைக்கோ கோர்ட்டுக்குப் போயிருக்கும்.

மறதி அவர் மனைவி செல்லம்மாள் அத்தைக்கு. இரண்டு வருஷமாக இருக்கிறது. முதலில் குழம்பில் இரண்டு தடவை உப்பு விழுந்தது. பிறகு உப்பே விழவில்லை. பிறகு அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு எதற்காகப் பற்ற வைத்தோம் என்று அதன் முன்னாலேயே நிற்க ஆரம்பித்தாள். அதோடு, அத்தைக்கு எல்லா நாளும் செவ்வாய்க்கிழமை ஆகிவிட்டது. அவள் பிறந்த ஊரில் சின்ன வயசில் செவ்வாய்தோறும் சந்தை கூடுமாம். ஞாயிற்றுக்கிழமை கேட்டாலும், “இன்னைக்கு செவ்வாக்கெழம, அப்பன்கூட சந்தைக்குப் போவுணும்” என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

போன சித்திரையில் அப்படிக் கிளம்பியவளை பைபாஸ் ரோட்டில் கண்டுபிடித்தோம். தொப்பூர் இறக்கத்துக்குப் போகிற லாரிகள் இரண்டு பக்கமும் பறக்கின்றன, நடுத்திட்டில் அரளிச்செடிக்குப் பக்கத்தில் பையோடு நிற்கிறாள் அத்தை. மாமா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ரோட்டோரம் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். அன்றைக்குச் சாயங்காலமே கன்றுக்குட்டியின் கழுத்து மணியைக் கழற்றி, சிவப்புக் கயிற்றில் கோத்து, அத்தையின் கையில் கட்டினார். அதற்குப் பிறகு அவளையும் காட்டுக்குக் கூட்டிப்போனார். மணிச் சத்தம் கேட்கிறவரை களை பறிப்பார், கேட்காவிட்டால் களைக்கொத்தைப் போட்டுவிட்டு ஓடுவார்.

அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அவளை ஒரு டாக்டர் பார்க்க வேண்டும், மருந்து தர வேண்டும். டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். சீட்டுக் கொடுக்கிற பெண் நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள்:

“ஞாபக மறதிக்கு மறவேல்ல டெஸ்ட் எடுத்து கோடு நம்பர் வந்திருக்கணுங்க. கோடு இல்லாம டாக்டர் பாக்கமாட்டாரு.”

“நேராத்தானம்மா கூட்டியாந்திருக்கேன். இதோ நிக்கறா பாரு.”

“நேர்ல பாக்கறதெல்லாம் பழைய சிஸ்டம் தாத்தா. இப்ப தொலைவுல இருந்து மட்டுந்தான். ஊருக்குப் போயிடுங்க, அங்க வருவாங்க.”

ஆக, டாக்டர் ரூமுக்குப் பத்தடி தள்ளி நின்றிருந்த நோயாளி, தொலைவிலிருந்து பார்க்கப்படுவதற்காக இருபது கிலோமீட்டர் பஸ் ஏறித் திரும்பி வந்தாள்.

மறவேல் என்றால் மறக்காதே என்று அர்த்தமாம். சென்னையில் கமிட்டி போட்டு வைத்த பெயர். பெயர் யாருக்கும் நினைவில் நிற்காததால் எங்கள் ஊரில் அதை ‘அந்த ஸ்கீம்’ என்பார்கள். திட்டம் அரசாங்கத்தினுடையது, செயலி பெங்களூரில் ஒரு கம்பெனியினுடையது, அதைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக அலைகிற கால் மட்டும் கலைமதியினுடையது. இண்டூர்ப் பெண், நல்ல பிள்ளை. ஒரு மாதம் கழித்து டேப்லெட்டோடு வந்தாள். அன்றைக்கு ஆவணி மூன்று. கிழமை என்ன என்று கேட்காதீர்கள், அங்கேதான் விதி விளையாடியது.

எங்கள் ஊருக்கும் டவருக்கும் நடுவில் வத்தல்மலை உட்கார்ந்திருக்கிறது. வீட்டில் சிக்னல் இல்லை, பள்ளிக்கூடத்தில் இல்லை, தண்ணீர்த் தொட்டியின் உச்சியில் இருக்கிறது, ஆனால் எழுபது வயசுக்காரரை ஏணியில் ஏற்றிக் கேள்வி கேட்க முடியாது. கடைசியில் முனியப்பன் கோயிலுக்குப் பின்னால், வாள் ஓங்கி உட்கார்ந்திருக்கிற முப்பதடி முனியப்பனின் முதுகோரம், இரண்டு கோடு சிக்னல் வந்தது. முன்பக்கம் யாரோ கிடா வெட்டப் பம்பை அடித்துக்கொண்டிருந்தார்கள். செயலி செய்தி வாசிக்கிற குரலில் கேட்டது: “நீங்கள் அமைதியான அறையில் இருக்கிறீர்களா?” கலைமதி ‘ஆம்’ என்று தொட்டாள். இல்லை என்று தொட்டால் செயலி மூடிக்கொள்ளுமாம்.

“அத்தைக்கு மட்டுந்தானே டெஸ்ட்டு?” என்றேன் நான்.

“இல்லீங்கண்ணா. ஒரே ரேஷன் கார்டுல அறுவது தாண்டினவங்க எத்தன பேரோ அத்தன பேருக்கும் எடுக்கணும். கார்டுல குடும்பத் தலைவரு தாத்தாதான், அவருக்கு முடிச்சாதான் அடுத்தவங்களுக்கே ஓப்பன் ஆவும்.”

மாமா வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். இன்றைய தேதி என்ன என்று செயலி கேட்டது. “ஆவணி மூணுங்க. தேய்பிறை ஏகாதசி” என்றார். செயலிக்குத் தெரிந்தது ஆகஸ்ட் மட்டும். தவறு. நீங்கள் இருக்கும் கட்டடம் எது? “கட்டடம் இல்லீங்க, முனியப்பன் கோயில் வெட்டவெளி” என்றார். விதிப்படி கலைமதி இடத்தை ‘ஆரம்ப சுகாதார நிலையம்’ என்று பதிந்திருந்தாள். தவறு. திரையில் பென்குவின் வந்தது. மாமா வெகு நேரம் பார்த்துவிட்டு, “யாரோ வக்கீலுங்களா?” என்றார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னது. அவர் கழித்தார், தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது என்று சரியாகவே கழித்தார். ஆனால் சிக்னல் மலையைச் சுற்றி பெங்களூர் போய்ச் சேர நாற்பது விநாடி பிடித்தது. அந்த நாற்பது விநாடியும் மாதையன் மூளையின் தாமதம் என்று எழுதப்பட்டது.

அடுத்து ஐந்து சொற்கள். “கவனமாகக் கேட்டு நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பியானோ. நங்கூரம். பனிச்சறுக்கு. நூலகம். ஒட்டகச்சிவிங்கி.” மூன்றாவது சொல்லில் அத்தையின் மணிச் சத்தம் விலகிப் போயிற்று. மாமா எழுந்து ஓடினார். ரோட்டுப் பக்கம் போன அத்தையைக் கை பிடித்துக் கூட்டிவந்து உட்கார வைத்துவிட்டு, “என்னாம்மா சொன்னீங்க, பியானோவா?” என்றார். டேப்லெட்டின் கேமரா எல்லாவற்றையும் பார்த்திருந்தது. *தேர்வின் நடுவில் நோக்கமின்றி எழுந்து அலைந்தார்.* முப்பதுக்குப் பதினொன்று.

“எனக்கு எதுனா போட்டுக்க பாப்பா, பரவால்ல. அவளப் பாரு” என்றார் மாமா.

அத்தை உட்கார்ந்தாள். இன்று என்ன கிழமை என்று கேட்டது.

“செவ்வாக்கெழம” என்றாள் அத்தை.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை.

மாமா பதறிவிட்டார். “பாப்பா, அவ தெனமும் அதத்தான் சொல்லுவா! நாளைக்கு வந்து கேளு, நாளன்னைக்கு வந்து கேளு!” கலைமதி உதட்டில் விரல் வைத்தாள். உடனிருப்பவர் பேசினால் அவருக்கு மதிப்பெண் குறையும். அவருக்கு இன்னும் குறைய என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

கழித்தல் கேள்வி வருகிற நேரம் சிக்னல் சுத்தமாகச் செத்தது. கேள்வியே போய்ச் சேராதபோது பயனாளி பாதிக்கப்படக் கூடாது என்பது விதி. முழு மதிப்பெண். படங்கள் வரவில்லை, அதற்கும் முழு மதிப்பெண். பிறகு சிக்னல் திரும்பி, ஐந்து சொற்கள் வந்தன. அத்தைக்கு ஒரு பழக்கம், காதில் எது விழுந்தாலும் பிடித்துக்கொண்டு அதையே சொல்லிக்கொண்டிருப்பாள். வியாதியே அதுதான். “பியானோ நங்கூரம் பனிச்சறுக்கு நூலகம் ஒட்டகச்சிவிங்கி, பியானோ நங்கூரம்...” என்று நாற்று நடுகிற ராகத்தில், தலையை ஆட்டிக்கொண்டு, ஐந்து நிமிஷம் நிறுத்தாமல் சொன்னாள். ஐந்து நிமிஷம் கழித்துச் செயலி கேட்டபோதும் சொல்லிக்கொண்டிருந்தாள். கலைமதியின் சர்வீஸில் ஐந்தையும் சொன்ன முதல் ஆள் அத்தைதான்.

கடைசிக் கேள்வி. “உங்கள் கணவர் பெயர் என்ன?”

இங்கே ஒன்று சொல்லவேண்டும். கல்யாணமாகி நாற்பத்தாறு வருஷத்தில் அத்தை புருஷன் பெயரை வாயால் சொன்னது கிடையாது. எங்கள் பக்கத்தில் அந்த வயசுப் பெண்கள் சொல்லமாட்டார்கள், சொன்னால் அவருக்கு ஆகாது. ஓட்டர் லிஸ்ட்காரன் கேட்டபோது, “மாதேசுவரன் மல இருக்குதில்லீங்க, அந்த சாமி பேரு, கடைசில மட்டும் அய்யன்னு போட்டுக்குங்க” என்றாள். அவன் மாதேஸ்வரய்யன் என்று எழுதிக்கொண்டு போய், அதைத் திருத்த இரண்டு வருஷம் ஆயிற்று. மாமாவைத் தேள் கொட்டியபோதுகூட “ஏ நம்மூட்டுக்காரருக்குக் கடிச்சிருச்சு, ஓடியாங்க” என்றுதான் கத்தினாள்.

“மாதையன்” என்றாள் அத்தை, மணி அடித்த மாதிரி. “கந்தன் மவன் மாதையன்னு பேசி வச்சிருக்காங்கோ. நான் இன்னும் ஆளப் பாக்கல.”

செயலிக்கு முதல் சொல்லே போதும். பச்சை விளக்கு எரிந்தது. மாமா அப்படியே தலையில் கை வைத்துக்கொண்டார். நான் அவரை அப்படிப் பார்த்ததில்லை. பைபாஸில் அழுதபோதுகூட அந்த முகம் இல்லை.

“சரியாத்தான தாத்தா சொன்னாங்க?” என்றாள் கலைமதி.

“அதான் பாப்பா” என்றார் மாமா. “சொல்லிட்டாளே.”

முப்பதுக்கு இருபத்தொன்பது. ஒரு மதிப்பெண் ஏன் குறைந்தது என்றால், தேர்வு முடிந்ததும் செயலி நன்றி சொன்னதற்கு அத்தை பதில் நன்றி சொல்லவில்லை.

கலைமதியை நான் குறை சொல்லமாட்டேன். மறுநாள் புதன்கிழமை, தானாகவே பஸ் ஏறி வந்தாள். “கிழமையை மட்டுமாச்சும் மறுபடி கேட்டுப் பாக்கறேன்” என்று டேப்லெட்டைத் திறந்தாள். ‘இப்பயனாளி ஆரோக்கியமானவர். அடுத்த பரிசோதனை 364 நாட்களுக்குப் பிறகு’ என்றது அது. பாவம், அந்தப் பெண் கண் கலங்கிப் போய்விட்டாள்.

பத்து நாள் கழித்து வீட்டுச் சரிபார்ப்புக்கு மாவட்ட ஒருங்கிணைப்பாளர் பிரபாகர் ஜீப்பில் வந்தார். இறங்கும்போதே, “வணக்கம் பச்சியப்பன் ஐயா, எப்படி இருக்கீங்க?” என்றார்.

“மாதையனுங்க.”

“பரவால்ல, பரவால்ல. பதட்டப்படாதீங்க பச்சியப்பன்.”

“பேரு மாதையனுங்க சார்.”

பிரபாகர் என்னிடம் திரும்பி, தணிந்த குரலில், “இந்த ஸ்டேஜ்ல பேர் விஷயத்துல ஒரு பிடிவாதம் வரும்” என்று சொல்லி அதை எழுதிக்கொண்டார். பிறகு டேப்லெட்டைத் திறக்கப் பாஸ்வேர்டு நினைவு வரவில்லை. டிரைவரைக் கூப்பிட்டுக் கேட்டார். டிரைவர் சொன்னான்.

அப்போதுதான் அத்தை கையிலிருந்த மணி அவர் கண்ணில் பட்டது. “இது யாரு கட்டினது?”

“நாந்தாங்க” என்றார் மாமா. “ரோட்டுப் பக்கம் போயிடறா சார். சத்தம் கேட்டா பிடிச்சிக்கலாம்னு...”

“முப்பதுக்கு இருபத்தொம்போது வாங்கின அம்மாவுக்கு மாட்டு மணி!” பிரபாகருக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. “சார், ஒரு ஆரோக்கியமான பெண்மணி, நோயாளியோட பிரமைக்காக இத்தன நாள் இதச் சகிச்சிட்டிருக்காங்க. இது மனித உரிமை மீறல்.” தன் கையாலேயே அவிழ்த்து, இனிமேல் கட்டக் கூடாது என்றார். அத்தை அவரைப் பார்த்துச் சிரித்தாள். அவளுக்கு யாரைப் பார்த்தாலும் சிரிப்புத்தான்.

மாமா கும்பிட்டார். “சார், எனக்கு ஒண்ணுமில்லீங்க. தப்பு நடந்திருக்கு. அவளத்தான் டாக்டரு பாக்கணும். எழுதிக் குடுக்கறேன், வாங்கிக்குங்க.”

“நீங்க குடுத்தா செல்லாதுங்க. பதினொண்ணு மார்க்குக்காரர் மனு போட முடியாது. உங்க பராமரிப்பாளர்தான் போடணும்.”

“அது யாருங்க?”

“உங்க மனைவிதான். வீட்டுல அதிக மார்க் வாங்கினவங்க ஆட்டோமேட்டிக்கா பராமரிப்பாளர்.”

“அவளுக்குத்தானுங்க புத்தி தடுமாறுது!”

“அத அவங்க சொல்லட்டும். எனக்குப் புத்தி தடுமாறுதுன்னு அவங்களே தெளிவா எழுதிக் கையெழுத்துப் போட்டா பரிசீலிப்போம். ஆனா அவ்ளோ தெளிவா எழுதினாங்கன்னா, தெளிவா இருக்காங்கன்னு தள்ளுபடி ஆயிடும். அதனால வீணா அலையாதீங்க.”

இதை அவர் நக்கலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே மாமாவுக்கு அலைச்சல் மிச்சம் பிடித்துக் கொடுக்கிற அக்கறையில் சொன்னார். அந்த ஜோரில்தான் காகிதத்தை என் பக்கம் நீட்டினார். “சார் வந்து போனதுக்கு ஒரு சாட்சி, அவ்ளோதான்” என்றான் டிரைவர். நானும் போட்டுத் தொலைத்தேன். செல்லம்மாள், மாதையனின் சட்டப்படியான பராமரிப்பாளர் என்று அதில் இருந்தது பிறகுதான் தெரிந்தது.

புரட்டாசியில் நல்லம்பள்ளியில் விழா. பந்தல், சால்வை, மைக். திட்டத்தின் இயக்குநர் சென்னையிலிருந்து வந்திருந்தார். அவர் பேசியதை நான் ஒரு சொல் கூட்டாமல் தருகிறேன்:

“ஏன் தொலைவிலிருந்து பார்க்கிறோம் என்று சிலர் கேட்கிறார்கள். நேரில் பார்த்தால் என்ன ஆகும்? இரக்கம் வரும். இரக்கம் வந்தால் மதிப்பெண் கெட்டுவிடும். நான் இந்தத் திட்டத்தை மூன்று ஆண்டுகளாக நடத்துகிறேன், இதுவரை ஒரு நோயாளியைக்கூட நேரில் பார்த்ததில்லை என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். இன்னொரு மகிழ்ச்சியான செய்தி. டவர் இல்லாத நாற்பத்தொரு கிராமங்களில் ஒருவருக்குக்கூட மறதி நோய் பதிவாகவில்லை. மலைக்காற்றின் மகிமை இது! இன்று நாம் கௌரவிக்க இருப்பவர், தன் நோயாளிக் கணவரைத் தனியொருத்தியாகக் காக்கும் வீரமங்கை... அவர் பெயர்...” பக்கத்தில் பார்த்தார். பிரபாகர் தன் பக்கத்தில் பார்த்தார். கலைமதி சொன்னாள்.

அத்தைக்குச் சால்வை போர்த்தி, ஒரு டேப்லெட்டைக் கையில் கொடுத்து மைக்கை நீட்டினார்கள். அத்தை மைக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “சந்தைக்கு பஸ் எத்தன மணிக்குங்க?” என்றாள். பந்தலே கைதட்டியது. “பாருங்கள்! நேரத்தைப் பற்றி என்ன விழிப்புணர்வு!” என்றார் இயக்குநர். கடைசி வரிசையில் மாமா எழுந்து, “ஐயா, அவளுக்குத்தானுங்க வியாதி!” என்று கத்தினார். இரண்டு பேர் வந்து தோளைத் தட்டி உட்கார வைத்தார்கள். பக்கத்திலிருந்த அம்மாள் ஒருத்தி, “பாவம், முத்திப் போச்சு” என்று உச்சுக்கொட்டினாள். நான் எழுந்து என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். ஒன்றும் செய்யவில்லை. சாட்சிக் கையெழுத்துப் போட்டவன் எந்த முகத்தோடு எழுவான்?

நோயாளிக்கான மருந்து ஒழுங்காக மாதாமாதம் வருகிறது, அதில் குறை சொல்ல முடியாது. அத்தைக்குக் கிடைக்க வேண்டிய அதே மருந்து, மாதையன் என்று பெயர் ஒட்டி வருகிறது. முதல் நாள் அதை மாமா பார்த்த பார்வையிலேயே, அத்தைக்குக் கொடுத்துவிடலாம் என்கிற அவர் நினைப்பு எனக்குப் புரிந்தது. கம்பெனிக்காரனுக்கும் புரிந்திருக்கிறது. தினமும் காலை எட்டு மணிக்கு, அந்த டேப்லெட்டின் கேமராவுக்கு முன்னால் நோயாளி மாத்திரையை விழுங்கி நாக்கை நீட்டிக் காட்ட வேண்டும். அதற்கென்று மாமா வீட்டுக் கூரையில் கம்பெனிச் செலவில் ஒரு தட்டு ஆன்டெனா வைத்துவிட்டுப் போனார்கள். டாக்டர் பார்க்க வராத வீட்டுக்கு சிக்னல் வந்துவிட்டது. மாத்திரை சாப்பிட்டால் மாமாவுக்குத் தலை சுற்றுகிறது, சோறு இறங்குவதில்லை. விழுங்காவிட்டால் நோயாளியைக் காப்பகத்துக்கு மாற்றிவிடுவார்களாம். அப்புறம் அவளை யார் பார்ப்பது என்று தினமும் விழுங்குகிறார்.

இன்னொன்றும் கொடுத்தார்கள். மாமாவின் மணிக்கட்டில் ஒரு கறுப்புப் பட்டை, கழற்ற முடியாது. வீட்டைவிட்டு இருநூறு மீட்டர் தாண்டினால் அது கத்தும், பராமரிப்பாளரின் டேப்லெட்டுக்குத் தகவல் போகும். அத்தை டேப்லெட்டை முறம் என்று நினைத்து அதன்மேல் புளி காயவைத்திருப்பாள். பைபாஸ் ரோடு எங்கள் தெருவிலிருந்து எண்ணூறு மீட்டர். மணி கட்டியிருந்தவளுக்கு மணி போயிற்று, கட்டிவிட்டவருக்குப் பட்டை வந்தது. இப்போது அத்தை கிளம்பினால் நான் ஓடுகிறேன், நான் இல்லாவிட்டால் என் மனைவி ஓடுகிறாள். இரண்டு பேரும் இல்லாத நாளில் ஓட ஆளில்லை.

போன வாரம் ஒரு காலை, மாமா அத்தைக்குத் தலை சீவிக்கொண்டிருக்க, நான் அங்கே இருந்தபோது டேப்லெட் பேசிற்று. மாதாந்திரப் பராமரிப்பாளர் நேர்காணலாம். மாமா புளியைத் தள்ளிவிட்டு, அதை அத்தையின் முன்னால் நிறுத்தி வைத்தார். பிறகு அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து அவள் தலையைச் சீவ ஆரம்பித்தார்.

“வணக்கம். நோயாளி மாதையனை நீங்கள் எப்படி உணர்கிறீர்கள்?”

அத்தை சத்தம் வந்த இடத்தைப் பார்த்துச் சிரித்தாள். “யாரு, இவரா? நல்ல மனுசனுங்க. எந்த ஊரோ தெரியில. சோறு ஊட்றாரு, தல சீவி உடறாரு. பாவமா இருக்குதுங்க.”

“அவருக்கு ஏதேனும் மனக்குறை உள்ளதா?”

“இருக்குதுங்களே. இவரு பொண்டாட்டி எங்கயோ போயிட்டாப்பல. செல்லம்மா, செல்லம்மான்னு கூப்புட்டுக்கினே இருக்காரு. அவ திரும்பிப் பாக்க மாட்டேங்கறா.” அத்தை குரலைத் தாழ்த்தினாள். “உங்க பக்கம் வந்தான்னா சொல்லுங்க. கொஞ்சம் வந்துட்டுப் போவட்டும்.”

சீப்பு நின்றது.

“நன்றி. உங்கள் பதில் பதிவு செய்யப்பட்டது. நோயாளிக்கு மனைவியின் பெயர் நினைவில் உள்ளது. முன்னேற்றம் தெரிகிறது. மருந்து நேரம். நோயாளி வாயைத் திறக்கவும்.”

மாமா வாயைத் திறந்தார்.